கிட்டத்தான், நடந்திரலாம்

ஐம்பத்திரண்டு வருஷமாக ஹட்டனில் இருக்கிறேன். அபர்டீன் நீர்வீழ்ச்சியைப் பார்த்ததில்லை. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் கொழும்பு நூதனசாலைக்குள் கால் வைத்திருக்கிறார்கள் என்று நான் பதிலுக்குக் கேட்டதில்லை.

நீர்வீழ்ச்சி பார்க்க நடக்கத் தேவையில்லை என்பது எங்கள் ஊர்க்கொள்கை. தலவாக்கலைப் பக்கம் போனால் டெவன் அருவி ரோட்டிலிருந்தே தெரியும். பிளேன்டீயைக் குடித்துக்கொண்டே பார்த்துவிடலாம். சென். கிளேயரும் அப்படித்தான். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் வந்த பிறகு அதற்குப் பகலில் மட்டும்தான் வேலை, பத்து மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே. தோட்டத்தில் கொழுந்து சொன்ன கிலோ நிறைந்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி; குறைந்தால் அரைப்பேர். அணைக்காரர்கள் தண்ணீரைக் குறைத்தால் அன்றைக்கு அருவிக்கு அரைப்பேர்.

அபர்டீனுக்குப் போகலாம் என்ற மகளிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். "அப்பா, அது பார்க்கிறது, இது போறது" என்றாள். "படியில இறங்கினா அரை மணித்தியாலம்கூட ஆகாது. ஈஸி." நான் பஜாருக்குப் போய் டிராக்டர் டயர்போல் அடியில் பல் வைத்த சப்பாத்து ஒன்று வாங்கிவந்தேன்.

வீட்டில் பெரியம்மாவும் இருந்தார். வயது அறுபத்தெட்டு. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்தெடுத்து, சர்வீஸ் காசு வாங்கி ஓய்ந்தவர். வரமாட்டார் என்ற நம்பிக்கையில் ஒரு வார்த்தை கேட்டு வைத்தோம். அதற்குள் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு இஸ்தோப்பில் நின்றார்.

"எங்க போறோம்?"

"அபர்டீனுக்கு, பெரியம்மா."

"அங்க எத்தன கிலோ?"

தோட்டம் என்று நினைத்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. டெவன், சென். கிளேயர், கார்ட்மோர் என்று தோட்டத்துக்கு வைத்ததுபோலவே தண்ணீருக்கும் துரைமார் தங்கள் நாட்டுப் பெயராகவே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சின்ன வயதில் அட்டை நிறைய இருப்பதால்தான் எங்கள் ஊர் அட்டன் என்று நம்பியிருந்தேன். ஸ்கொட்லாந்தில் அபர்டீன் பக்கமும் ஹட்டன் என்றொரு கிராமம் இருக்கிறது, பெயர் அங்கிருந்து வந்தது என்று பிறகு சொன்னார்கள். அட்டைக் கதைதான் பொருத்தம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

த்ரீவீல் பிடித்துக் கிளம்பினோம். இலங்கையில் அதிகம் மழை கொட்டும் இடங்களில் ஒன்றான வட்டவளை, வழக்கம்போல் நனைத்துத்தான் அனுப்பியது. கினிகத்தேனைக்கு வந்து நோட்டன் பிரிட்ஜ் ரோட்டில் திரும்பி, பாதை தொடங்கும் இடத்தில் இறங்கிக்கொண்டோம்.

இறக்கம் ஈஸிதான். இறங்கினதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. எதிரே வந்த பெரியவரிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்றேன். "லங்கய் மாத்தயா" என்றார். கிட்டத்தானாம். கால் மணித்தியாலம் கழித்து இன்னொருவரைக் கேட்டேன். அவருக்கும் லங்கய்தான். மலைநாட்டில் சிங்களமும் தமிழும் முழுசாக ஒத்துப்போகிற விஷயம் இந்தக் 'கிட்ட' ஒன்றுதான்.

பாதி வழியில் சப்பாத்தின் நுனியில் ஓர் அட்டை வால்நுனியில் எழுந்து நின்று, விலாசம் விசாரிக்க வந்தவன்போல் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டேன். அது விசாரித்துக்கொண்டிருந்தது தன் கூட்டாளிகளுக்காக என்பது காலுறையைக் கீழே இழுத்தபோது தெரிந்தது. மூன்று பேர் ஏற்கெனவே குடியேறி, திராட்சைபோல் பருத்திருந்தார்கள். கடித்தது தெரியாது, எடுத்தால் ரத்தம் நிற்காது. நான் போட்ட சத்தத்தில் மகள் ஃபோனைக் கீழே போட்டாள். பெரியம்மா வெற்றிலைப் பையைத் திறந்து, விரல் நுனியில் சுண்ணாம்பு எடுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தார். மூன்றும் சுருண்டு விழுந்தன. அவருடைய செருப்புக்காலை ஒன்றுகூட நெருங்கவில்லை. பழைய ஆள் என்று தெரிந்திருக்கும்.

மரங்கள் விலகியதும் சத்தத்தோடு அருவியும் வந்துவிட்டது. 98 மீட்டர். கெஹெல்கமு ஓயா காசல்ரீயிலும் நோட்டனிலும் மின்சாரத்துக்குக் கொடுத்தது போக மிஞ்சியதுதான் இங்கே விழுகிறது. மிச்சமே இப்படி என்றால் முழுசு எப்படி இருந்திருக்கும்! சாரலில் கண்ணாடி மங்கி, கொஞ்ச நேரம் நான் சத்தத்தை மட்டும்தான் பார்த்தேன். கீழே ஆழமான குழி. பார்க்கத்தான் அழகு, இறங்குகிற இடமில்லை.

பெரியம்மா ஒரு கல்லில் உட்கார்ந்து தேங்காய் ரொட்டியையும் கட்டச் சம்பலையும் பிரித்தார். அண்ணாந்து ஒரு தடவை பார்த்தார்.

"இவ்ளோ தண்ணி இங்க சும்மா விழுகுது. நம்ம லயத்துப் பீலியில ரெண்டு கொடத்துக்கு விடியக்காலையில போய் நிக்கணும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டேன்.

ஏற்றத்தில் பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று படம் எடுத்தேன். அன்றைக்கு நான் எடுத்த படங்களில் அருவி ஐந்து. வெறும் மரம் நாற்பத்தொன்று. பெரியம்மாவைக் காணவில்லை. மூச்சிரைக்க ரோட்டுக்கு வந்து சேர்ந்தால், அவர் வழியில் கிடந்த காய்ந்த கிளைகளையெல்லாம் பொறுக்கிக் காட்டுக்கொடியால் கட்டி, அந்தக் கட்டின்மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியம்மா இது?"

"மலைக்குப் போயிட்டு வெறுங்கையோடயா வர்றது?" என்றவர், என் சப்பாத்தை ஒரு பார்வை பார்த்தார். "ஒனக்கு இன்னைக்கு அரைப்பேர்தான் தம்பி."

த்ரீவீலில் இடப் பிரச்சினை வந்தது. கடைசியில் பெரியம்மாவும் மகளும் விறகுக்கட்டும் பின்சீட்டில் வசதியாக வந்தார்கள். நான் டிரைவருக்குப் பக்கத்தில், அரைச் சீட்டில்.