கொட்டாங்குச்சியில் பன்னிரண்டு நட்டு

"தம்பி, வெரசா வாங்க. கூரையில ஆகாசம் தெரியுது."

காலை ஏழே காலுக்கு வந்த போன். பேசியவர் எங்கள் மூத்த டர்னர், அப்பா காலத்து ஆள். லேத்தில் ஷாஃப்ட் உடைந்தாலும் டீக்கடையில் போண்டா தீர்ந்தாலும் அவருக்கு ஒரே குரல்தான். அதனால் நான் பதறவில்லை. ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோயம்புத்தூரில் எத்தனையோ பேர் கூரையைத் தூக்கியிருக்கிறது, இன்று நம் முறை போலும் என்று குளித்து, இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால், அது காற்று செய்த வேலையாகத் தெரியவில்லை. வாஸ்துப்படி ஈசானிய மூலையில் இரண்டு சிமெண்ட் ஷீட்டுகள் கழற்றப்பட்டு, பக்கத்து ஷீட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஓரம்கூடச் சிதறவில்லை. சிமெண்ட் ஷீட்டோடு பழகியவர்களுக்குத் தெரியும், முறைத்துப் பார்த்தாலே விரிசல் விடுகிற சாமான் அது. அருகில் ஒரு கொட்டாங்குச்சி. அதற்குள் பன்னிரண்டு நட்டு, பன்னிரண்டு வாஷர். காற்றில் உருண்டுவிடக் கூடாதென்று மேலே ஒரு கல் வேறு.

டர்னர் ஏணியில் நின்றபடியே எண்ணினார். "பன்னெண்டும் இருக்குதுங்க. நம்ம ஹெல்பருங்க கழட்டியிருந்தா ஏழுதான் கெடைச்சிருக்கும்."

எங்கள் பட்டறை கணபதி பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. இரண்டு லேத், ஒரு டிரில்லிங், ஒரு மில்லிங். வெட் கிரைண்டருக்கு ஷாஃப்ட், பம்புக்கு கன்மெட்டல் புஷ் என்று ஜாப் ஒர்க் கடைந்து கொடுக்கிறோம். கடையும்போது விழுகிற பித்தளை, கன்மெட்டல் சீவலைச் சாக்கில் சேர்த்து, விலை ஏறும்போது விற்போம். தீபாவளி போனஸில் ஒரு பங்கு அந்தச் சாக்கிலிருந்துதான் வரும். அந்தச் சாக்குதான் போயிருந்தது. 38 கிலோ. கூடவே மோட்டாரில் பிரித்த காப்பர் வயர் 6 கிலோவும், ஒரு கை கிரைண்டரும்.

போகாமல் இருந்ததுதான் என்னை அதிகம் உறுத்தியது. அலமாரியில் என் மைக்ரோமீட்டர் இருந்தது. ஜப்பான் சரக்கு, பட்டறையில் நான் மட்டுமே தொடுவேன், மற்றவர்கள் கேட்டால் வெர்னியரைக் கொடுப்பேன். வந்தவன் அதன் பெட்டியைத் திறந்திருக்கிறான், பார்த்திருக்கிறான், மறுபடி மூடி அதே இடத்தில் வைத்திருக்கிறான். மூடியின் மேலிருந்த எண்ணெய்ப் பிசுக்கில் விரல் பதிந்த இடம் மட்டும் பளபளத்தது. பழைய உலோகக் கடையில் மைக்ரோமீட்டரை எடை போட்டால் என்ன கிடைக்கும்? கால் கிலோ இரும்புக்குக் கிடைப்பதுதான். கணக்குத் தெரிந்தவன்.

இனி கொஞ்சம் தொழில்நுட்பம். சிமெண்ட் ஷீட்டைச் சட்டத்தோடு பிடித்து வைப்பது ஜே போல்ட். தமிழில் சொன்னால் தூண்டில் முள் வடிவம். வளைந்த பக்கம் உள்ளே சட்டத்தைக் கவ்விக்கொண்டிருக்கும், மரை பக்கம் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நட்டை மேலே நின்று முடுக்க வேண்டும். ஆக, 24 மணி நேரமும் மழையிலும் வெயிலிலும், யார் வந்து கழற்றினாலும் சரி என்று நட்டு வெளியே நின்றுகொண்டிருக்கிறது. இத்தனை வருஷமாக நான் முன்வாசல் ஷட்டருக்கு இரண்டு பூட்டுப் போட்டு, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பிப் போய் மறுபடி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையோ ஒரு ஸ்பேனருக்காகக் காத்திருந்திருக்கிறது.

காவல் நிலையத்துக்குப் போனேன். முதலில் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., பிறகு எஃப்.ஐ.ஆர். எழுதிக்கொண்டிருந்த காவலர் நல்ல மனிதர். இராத்திரி கட்டடத்தை உடைத்து உள்ளே போனால் 457, திருடினால் 380 என்று இருபது வருஷமாகக் கை தானாக எழுதிக்கொண்டிருந்ததாம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து, அவை 331, 305 ஆகிவிட்டன. "திருடனுங்க மாறல சார், நம்பர்தான் மாறிடுச்சு" என்றார்.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"இல்லீங்க."

"போன பொருளுக்கு பில் இருக்கா?"

சீவலுக்கு ஏது பில்? அது பொருளே இல்லை, பொருள் போக மிச்சம். அதை அவருக்கு விளக்கப் போய், நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது வெளியே வந்தது. அவர் பேனாவை மூடினார். "வீட்டு கிரைண்டர் ஒரு மாசமா கரகரன்னு சத்தம் போடுது சார். ஷாஃப்டா இருக்குமா, பேரிங்கா இருக்குமா?" பேரிங் என்று சொன்னேன். திருட்டு விஷயத்தில் துப்புக் கிடைத்ததோ இல்லையோ, கிரைண்டர் விஷயத்தில் கிடைத்துவிட்டது.

அடுத்து இன்சூரன்ஸ். வருஷா வருஷம் பிரீமியம் கட்டியபோது படிக்காத பாலிசியை அன்றுதான் படித்தேன். பலவந்தமாக உள்ளே நுழைந்ததற்குத் தடயம் இருந்தால்தான் பணம். சர்வேயர் வந்தார், கூரையைப் பார்த்தார், கொட்டாங்குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எதையும் உடைக்கலியே சார்? ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்கானே?"

"ஆமாங்க."

"அப்ப பலவந்தம்னு எப்படி எழுதறது?"

பக்கத்தில் நின்ற டர்னர் முழு அக்கறையோடு கேட்டார்: "வேணும்னா ஒரு ஷீட்டை இப்ப ஒடைச்சரலாங்களா?" சர்வேயர் அதைக் காதில் வாங்காததுபோல் எழுதிக்கொண்டார். கடைசியில் கை கிரைண்டருக்கு மட்டும் தேய்மானம் கழித்து ஒரு தொகை வந்தது. அதை எண்ணி முடிக்க நேரமே ஆகவில்லை.

செய்தி பரவியதும் யோசனைகள் வர ஆரம்பித்தன. எதிர் சந்து பவுண்டரிக்காரர், ராஜபாளையம் நாய் வளர்க்கச் சொன்னார். அதற்குச் சாப்பாடு யார் போடுவது என்றதும் பேச்சை மாற்றினார். வாட்ச்மேன் போடு என்றார் ஒருவர். மாதம் 12,000 கேட்டார்கள். திருட்டுப் போனது எல்லாம் சேர்த்து 24,000. வருஷத்துக்கு ஆறு முறை திருட்டுப் போனால்தான் வாட்ச்மேன் கட்டுபடியாகும். திருஷ்டி பொம்மை, எலுமிச்சை, படிகாரம் தனிக்கணக்கு. "அந்தச் சாக்கைத் தெனமும் வீட்டுக்குக் கொண்டாந்துருங்க, முடிஞ்சுது" என்று மனைவி மட்டும் சொன்னாள். செலவில்லாத யோசனை என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நானும்தான்.

நான் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். பூட்டு என்றால் திண்டுக்கல் என்பதற்கு 2019 முதல் புவிசார் குறியீடே இருக்கிறது. கையால் ராவி, நெம்புகோல் ஒவ்வொன்றையும் சாவிக்குப் பொருத்திச் செய்கிற பெரியவர் ஒருவர், மாங்காய்ப் பூட்டையெல்லாம் காட்டிவிட்டு மணிப் பூட்டை எடுத்து வைத்தார். சாவியைத் திருப்பினால் கணீர் என்று மணி அடிக்கும். வாங்கிவிட்டேன். பணத்தை எண்ணிக்கொண்டே, "பூட்டு தாங்கும் தம்பி. நீங்க மாட்டப் போற கொண்டி தாங்குமா?" என்று கேட்டார். அதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பூட்டுக்கும் லேத்துக்கும் ரத்த சம்பந்தம் உண்டு. 1790-இல் லண்டனில் ஜோசப் பிராமா என்பவர் தன் கடை ஜன்னலில் ஒரு பூட்டை வைத்து, சாவியில்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்தார். அந்தப் பூட்டைச் செய்த கை, அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞனுடையது. வாரச் சம்பளம் 30 ஷில்லிங். ஏற்றிக் கேட்டான், முதலாளி மறுத்தார், 1797-இல் வெளியேறி சொந்தப் பட்டறை போட்டான். அவன் செம்மைப்படுத்திய மரை வெட்டும் லேத்தின் பேரன் பேத்திகள்தான் இன்று கணபதி சந்துகளில் ஓடுகின்றன. (சம்பளம் ஏற்றிக் கொடுக்காததால் ஆள் தனிப் பட்டறை போடுவது லண்டனிலேயே நடந்திருக்கிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.) பூட்டு 61 வருஷம் தாக்குப்பிடித்தது. 1851-இல் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து, 16 நாளில் 51 மணி நேரம் மெனக்கெட்டுத் திறந்தார்.

என் மணிப் பூட்டைத் திறக்க யாரும் ஒரு நிமிஷம்கூட மெனக்கெடவில்லை. அது வேறு ஒரு வேலை செய்தது. காலையில் நான் திறக்கும்போது சந்து முழுக்கக் கேட்கும். "ஓனர் இன்னிக்கும் ஒம்பதே முக்காலுங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்க ஆரம்பித்தார். திருடனைக் காட்டிக்கொடுக்க வாங்கிய மணி, தினமும் என்னைக் காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. பட்டறை ஆட்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. மெஷின்களைக் கழுவி, சக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கைக்கருவிகள் அத்தனையையும் துடைத்து வாழையிலையில் வரிசையாக அடுக்கினோம். ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை. டேப், டை செட். கை டிரில்லிங் மெஷின். என் மைக்ரோமீட்டரும். பொரி, சுண்டல், உடைத்த தேங்காய். வருஷம் முழுக்க எது எங்கே கிடக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. அந்த ஒரு நாள்தான் எல்லாம் ஒரே இடத்தில், எண்ணெய் துடைத்து, பொட்டு வைத்து, எடுத்துப் போவதற்குத் தோதாக இருக்கும்.

மறுநாள் விஜயதசமி. மெஷினை ஐந்து நிமிஷம் ஓட்டி நிறுத்தலாம் என்று போனால், மணிப் பூட்டு பூட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது, கொண்டியோடு, ஷட்டரோடு. ஷட்டர் மட்டும் சுவரோடு இல்லை. ஷட்டர் ஏறி இறங்குகிற பக்கவாட்டுச் சட்டத்தைச் சுவரில் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எங்கள் கட்டடத்தில் வெளிப்பக்கம். எட்டு போல்ட். கழற்றிய எட்டும் ஒரு பாத்திரத்தில் இருந்தன. இந்த முறை அது சாமிக்கு உடைத்த தேங்காய் மூடி. பருப்பைச் சுரண்டித் தின்றிருந்தான்.

"அதே ஆளுங்க" என்றார் டர்னர். குரலில் ஏதோ சொந்தக்காரர் வந்துவிட்டுப் போன மாதிரி ஒரு நெகிழ்ச்சி.

ஸ்பேனர் செட் போயிருந்தது. டேப், டை, டிரில்லிங் மெஷின் போயிருந்தன. சுண்டல் தீர்ந்திருந்தது. சந்தனப் பொட்டோடு மைக்ரோமீட்டர் மட்டும் இலையில் தனியாகக் கிடந்தது, இரண்டாவது முறையாக நிராகரிக்கப்பட்டு. லேத்தின் சக் சாவியையும் விட்டிருந்தான். அது இல்லையென்றால் திங்கட்கிழமை மெஷின் ஓடாது. தொழில் தெரிந்தவன் மட்டுமே காட்டக்கூடிய கருணை அது. ரேகை எடுக்க வந்தார்கள். சந்தன விரல் படாத இடமே பட்டறையில் இல்லை, அத்தனையும் எங்கள் விரல்.

சூத்திரகரின் மிருச்சகடிக நாடகத்தில் ஒரு திருடன் வருவான். பண்டிதமணி கதிரேசஞ் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்று தமிழில் தந்த நாடகம். சுவரில் துளையை எந்த வடிவத்தில் போடலாம் என்று யோசிப்பான். அளவு நூலை மறந்து வந்துவிட்டு, பூணூலால் அளப்பான். நம் ஆள் அவனைவிட ஒரு படி மேல். எதையும் மறந்து வரவில்லை. கழற்றியதைப் போட மட்டும் பாத்திரம் கொண்டுவருவதில்லை.

இதற்குப் பிறகு மச்சான் பேச்சைக் கேட்டு கேமரா நாலு மாட்டினேன். இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், பல்லி வரும். எது அசைந்தாலும் என் செல்போன் அலறும். இரண்டு மாதத்தில் அந்தப் பல்லி எத்தனை மணிக்குச் சாப்பிடும், எப்போது தூங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. மனைவி, "ஒண்ணு அந்தப் பல்லி, இல்லாட்டி நானு" என்றாள்.

உருப்படியாகச் செய்தது மூன்றே வேலைகள். கூரை போல்ட்டுகளின் மரையைச் சுத்தியலால் நசுக்கி, நட்டு கழலாமல் செய்தோம். சட்டத்துக்குக் கீழே வெல்டு மெஷ் அடித்தோம். ஷட்டர் போல்ட்டுகளின் தலையை வெல்டு வைத்து, கொண்டியையும் 8 மில்லிமீட்டர் பட்டையில் மாற்றினோம். சீவல் சாக்கு தினமும் ஸ்கூட்டரில் என்னோடு வீட்டுக்கு வருகிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மனைவி அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, பெருக்கும்போது மட்டும் துடைப்பத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள்.

ஐப்பசி மழையில் அதே ஈசானிய மூலையில் ஒரு ஷீட் விரிசல் விட்டு ஒழுகியது. மாற்றலாம் என்று ஏறினால் ஒரு நட்டும் அசையவில்லை. நசுக்கி வைத்திருக்கிறோமே. மூன்று ஆள், இரண்டு கட்டிங் வீல், ஒரு முழு நாள். சாயங்காலம் டர்னர் கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவனைக் கூப்பிட்டிருந்தா அரை மணியில கழட்டியிருப்பானுங்க."

உண்மைதான். எங்கள் கேட்டில் 'டர்னர், ஃபிட்டர் உடனடியாகத் தேவை' என்று போர்டு மாட்டி ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்தச் சந்தில் அந்தப் போர்டு இல்லாத பட்டறையே இல்லை, ஆள்தான் கிடைப்பதில்லை. இத்தனை நாளில் அந்தப் போர்டைத் தாண்டி உள்ளே வந்த ஒரே ஃபிட்டர் அவன்தான்.

போர்டு இன்னும் தொங்குகிறது. போன வாரம் அதன் கீழே சிவப்புப் பெயின்டில் ஒரு வரி சேர்த்தேன்: 'பகல் ஷிஃப்ட் மட்டும்.'