கம்ப்ரஷன் கனவான்

ஓய்வூதியமும், பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்றும், பிறர் சொல்லை எளிதில் நம்பாத சுபாவமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற கனவான் ஊருக்கு ஒருவராவது இருப்பார். திருநாவலூரில் இருப்பவரை மட்டும் இங்கே பிரஸ்தாபிக்கிறேன். 2014-இல் உத்தரபாராத் தொழிற்சாலை அம்பாசடர் செய்வதை நிறுத்திய நாள் முதல் தம் வண்டிக்கு ஒரு புராதன அந்தஸ்து வந்துவிட்டதாக அவருக்கு எண்ணம். அது ஓடுமா என்று அவரிடம் கேட்பது அநாகரிகம். அதில் கம்ப்ரஷன் எவ்வளவு என்று கேட்டாலோ, திண்ணையில் இடமும் கிடைக்கும், காபியும் கிடைக்கும்.

பரீக்ஷை தினத்தன்று, எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி, காயில் வயரைப் பிடுங்கி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டருடையது என்பது மறவாதபடி பழைய வேட்டித்துண்டின் மேல் வரிசையாகக் கிடத்தி, முதல் துவாரத்தில் கேஜைத் திருகிப் பொருத்திய பிறகே மனைவியை அழைப்பார். அந்த அம்மாள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி வந்து, ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். மிதிக்காவிட்டால் காற்று தாராளமாக உள்ளே போகாது, போகாத காற்றைப் பிஸ்டன் எப்படி அழுத்தும் என்று இவர் ஒவ்வொரு முறையும் விளக்குவதும், "மிதிச்சுக்கிட்டுத்தாங்க இருக்கேன்" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்வதும் அந்த வீட்டுச் சம்பிரதாயம்.

முள் துள்ளித் துள்ளி ஏறி, இனி ஏறாது என்று நிற்குமிடத்தை, சதுர அங்குலத்துக்கு இத்தனை ராத்தல் என்று நோட்டில் பதிவார்: 120, 118, 121. நான்காவது, 85.

உடனே எண்ணெய்ப் பரீக்ஷை. பலவீனமான அந்தத் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி ஆயிலை விட்டு மறுபடி செல்ஃப் அடிக்கையில், முள் ஏறினால், தேய்ந்த ரிங்கின் இடைவெளியை எண்ணெய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே முள் அசையவில்லை, ஆகவே வால்வு. அது கெட்டதற்கு அவரிடம் ஓர் அகில இந்தியக் காரணம் உண்டு: 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததும், ஈயப் படிவையே மெத்தையாக நம்பியிருந்த பழைய எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகள் தேயத் தொடங்கின என்பது. விஷயம் வாஸ்தவந்தான், ஆனால் அந்தத் தேய்மானம் வேகமாகவும் பாரத்தோடும் நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு வருவது, கோயில் வாசல்வரை போய்த் திரும்பும் வண்டிக்கு அதைச் சொல்வது கொஞ்சம் அதிகப்படி என்பது என் அபிப்பிராயம்.

உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்த மெக்கானிக்கும் அப்படித்தான் நினைத்தான். "டேப்பட் டைட்டா இருக்குங்கய்யா. கேப் வச்சுப் பாப்போம். சரிவரலன்னா ஹெட்ட எறக்கி வால்வ லேப்பிங் பண்ணிட்டா முடிஞ்சது."

முடிந்துவிடும் என்பதுதானே சங்கடம்! கனவான் நோட்டை எடுத்து நீட்டினார். மணப்பந்தலில் கிழவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்தெறிய, அது படியோலைதான் என்று சொல்லி, மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டி அந்தக் கிழவர் வழக்கை வென்ற கதையைச் சுந்தரர் அவதரித்த ஊர்க்காரர் மறப்பாரா? கிரீஸ் கையால் மெக்கானிக் புரட்டுவதற்கு ஒரு படி நோட்டு. பீரோவில் பூட்டி வைத்தது மூல நோட்டு.

"தை மாசமும் 85, ஆடியிலயும் 85. எனக்கென்னமோ கேஜ் வாஷர்லதான் காத்துக் கசியுதுன்னு தோணுது, தம்பி."

"அதே வாஷர்லதானங்கய்யா மத்த மூணும் பாத்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன், மூணு தடவ திருகினதுல தேஞ்சிருக்கும்."

மறுநாள் காலை வாஷர் வாங்குவதற்காகப் பண்ருட்டிக்குப் பஸ் ஏறினார்.