சிலிகான் கழிப்பறைத் தூரிகை: ஒரு திணைசார் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

கழிப்பறைக்குப் பிரஷ் வாங்குவதற்குத் தமிழில் இன்னும் யாரும் இலக்கணம் செய்யவில்லை. நிலத்துக்கும் பொழுதுக்கும் இலக்கணம் வகுத்த மொழி இது. யாழுக்கும் யானைக்கும் வகைவகையாகப் பெயர் வைத்த மொழி. அப்படியிருந்தும் இந்தக் குறை நேர்ந்ததற்குக் காரணம் எளிது: இலக்கணம் செய்தவர்கள் யாரும் கழிப்பறை கழுவியதில்லை.

ஆய்வின் எல்லை வெஸ்டர்ன் கோப்பை மட்டுமே. இந்தியன் கோப்பைக்குத் தென்னந்துடைப்பம் போதும் என்பது சான்றோர் துணிபு. அதை மறுக்க எனக்குத் துணிவில்லை. முதன்மை ஆதாரம் எங்கள் வீட்டுக் கழிப்பறை. துணைமை ஆதாரங்கள் உறவினர் வீட்டுக் கழிப்பறைகள். கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு எனக் கிடைத்த களப்பணி வாய்ப்புகளில் உள்ளே தாழிட்டுக்கொண்டு திரட்டியவை அவை. வெளியே நின்று கதவைத் தட்டிய உறவினர் அனைவருக்கும் ஆய்வாளரின் நன்றி உரியது.

ஆய்வுச் சிக்கல் ஒன்றே ஒன்று. சிலிகான் பிரஷின் அட்டைப்பெட்டி “இதில் எதுவும் ஒட்டாது” என்று பெருமைப்படுகிறது. ஒட்டாமை ஒரு பிரஷுக்கு நல்ல குணம்தானா?

முன்னாய்வுகள்

ரோமானியர் குச்சி நுனியில் கடற்பஞ்சைச் செருகி வைத்திருந்தார்கள். அது ஆளைத் துடைக்கவா, கழிப்பறையைத் துடைக்கவா என்பதில் தொல்லியலாளர்களுக்குள் வழக்கு இன்னும் தீரவில்லை. நெடுங்காலம் முதல் கட்சியே கோலோச்சியது. அது பிரஷ்தான் என்னும் கட்சி பிறகு எழுந்து வலுத்தது. தத்துவஞானி செனெகா தம் 70ஆவது கடிதத்தில், விலங்குகளோடு மோதப் பழக்கப்பட்ட ஒரு ஜெர்மானியன் கழிப்பறைக்குள் போய், அந்தக் குச்சியைத் தொண்டைக்குள் திணித்து உயிரை விட்டதைச் சொல்கிறார். காவலாள் கூட வராத ஒரே இடம் அதுதானாம். அவன் நெஞ்சுரத்தை வியக்கும் செனெகா, குச்சியைப் பற்றிச் சொல்லும்போது அசுத்தத்தைத் துடைப்பது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். எங்கே இருக்கும் அசுத்தம் என்று இரண்டு சொல் சேர்த்து எழுதியிருந்தால் பல பேராசிரியர்களுக்கு வேலை இல்லாமல் போயிருக்கும்.

அடுத்த பெரிய திருப்பம் நைலான். 1935இல் டூபான்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய இந்த இழை, 1938இல் பன்றி மயிரை விரட்டிவிட்டுப் பல் துலக்கும் பிரஷில் ஏறியது. வாயில் பெற்ற வெற்றிக்குப் பிறகு உடம்பின் மறுமுனையை நோக்கி அது பயணப்பட்டது இயல்பே.

சிலிகானின் வரலாறு கொஞ்சம் சோகமானது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் ஃபிரடெரிக் கிப்பிங் என்ற வேதியியலாளர் பல பத்தாண்டுகள் இந்தச் சேர்மங்களோடு மல்லுக்கட்டினார். சோதனைக் குடுவையில் வந்து நின்ற பிசின்கள் அவருக்குப் பெரிய தொல்லையாகவே பட்டன. 1937இல் அச்சேறிய பேருரையில், இத்துறையில் பெரிய முன்னேற்றம் ஏதும் விரைவில் வருமென்று தமக்கு நம்பிக்கை இல்லை என்ற பொருளில் பேசினார். ஆறே ஆண்டில், 1943இல், அமெரிக்காவில் சிலிகானுக்கென்றே டவ் கார்னிங் நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று இட்லித் தட்டு முதல் மார்பகம் வரை சிலிகான் புகாத இடமில்லை. அவர் வெறுத்த அந்தப் பிசினின் வாரிசு கழிப்பறை மூலையில் நின்றுகொண்டிருக்கிறது. கிப்பிங் அவநம்பிக்கைப்பட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பர். கழிப்பறை ஆய்வில் நிலம் என்பது தண்ணீர். இதை விட்டுவிட்டு பிரஷை மட்டும் ஆராய்ந்த முன்னோர் அனைவரும் (பெரும்பாலும் மச்சினன்மார்) வழுக்கி விழுந்தார்கள்.

கோயம்புத்தூரில் சிறுவாணி வரும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தத் தண்ணீர் மென்மையானது. கோப்பையில் படிவது அன்றன்றைய அழுக்கு மட்டும், தடவினாலே போய்விடும். அங்கே சிலிகான் பிரஷ் பேரரசன். வாங்கியவர் அதைப் புகழ்ந்து சொந்தக்காரர்கள் அனைவருக்கும் சிபாரிசு செய்வார். அதை நம்பி சென்னையில் போர்த் தண்ணீரில் வாழும் தம்பி ஒன்று வாங்குவான். அங்கே கோப்பைக்குள் தண்ணீர் இறங்கும் வழியெல்லாம் பழுப்பு நாமம் போட்டதுபோல் கோடு விழுந்திருக்கும். உப்புக்கறை என்கிறோம், உள்ளபடி பார்த்தால் பெரும்பகுதி சுண்ணாம்பு, அதாவது கால்சியம் கார்பனேட். தம்பியின் சிலிகான் பிரஷ் அதன்மேல் போய்வருவது, கோயில் யானை துதிக்கையால் தலையைத் தொட்டு ஆசீர்வதிப்பதற்கு ஒப்பானது. கறைக்கு நல்லது நடக்குமே தவிர வேறொன்றும் நடக்காது.

கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட் 3, மனித நகம் ஏறத்தாழ 2.5. நகத்தால் கீற முடியாத படிவத்தை, நகத்தைவிட மெத்தென்ற சிலிகான் முள் எப்படிக் கீறும்? நைலானும் கீறாது என்பதை நடுநிலை கருதிச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கறையை எடுப்பது பிரஷே அல்ல, ஆசிட். கழிப்பறைத் திரவத்தில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்து நுரைக்கும். நுரைத்தபின் தளர்ந்ததைத் தள்ளிவிடுவது மட்டுமே பிரஷின் பங்கு. பெயர் வாங்குவது என்னவோ பிரஷ்.

இங்கேதான் பொழுது வருகிறது. ஊற்றியவுடனே தேய்ப்பவர் ஆசிட்டை வீணாக்குகிறார். ஊற்றிவிட்டு இருபது நிமிடமாவது கதவைச் சாத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். இது முல்லை ஒழுக்கம்: இருத்தலும் இருத்தல் நிமித்தமும். காத்திருக்கப் பொறுக்காமல் மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவுவோர் உண்டு. ஆசிட்டும் பிளீச்சிங்கும் கூடினால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் 1915இல் ஈப்ர நகருக்கு அருகே எதிரிப் படைமேல் ஏவியது அதைத்தான். கேலிக் கட்டுரையிலும் இந்த ஒரு வரியைக் கேலியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருப்பொருள்

கடையில் கிடைப்பவை மூன்று. ஒன்று, முறுக்கிய கம்பிக்கு நடுவே இழைகளைச் செருகிய உருண்டை பிரஷ். ஆசிட் படப்படக் கம்பி துருப்பிடித்து, கறையை நீக்க வந்தது தானே கறை வைக்கத் தொடங்கும். இதைத் தள்ளிவிடலாம். இரண்டாவது ஹாக்கி பிரஷ்: நைலான் இழை, வளைந்த கழுத்து, நூறு ரூபாய்க்குள் வேலை முடிந்தது. மூன்றாவது நம் ஆய்வுப் பொருள்: தட்டையான தலை, இளஞ்சாம்பல் அல்லது வெளிர்பச்சை நிறம், சுவரில் தொங்க ஓர் உறை, இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு வரை விலை.

சிலிகானியர் கட்சி சொல்வது இது. நைலான் இழைகளுக்கிடையே ஈரமும் நூலும் காகிதமும் சிக்கி நாறும். சிலிகான் முட்கள் தள்ளித்தள்ளி நிற்பதால் ஓர் உதறலில் சுத்தமாகும். இது மெய். நைலான் பிரஷ் நிற்கும் குடுவையின் அடியைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சான்று தேவையில்லை. டீ நிறத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர், அதில் ஒரு முடிக்கற்றை, சில வீடுகளில் கொசுப்புழு.

நைலானியர் விடை: எந்த இடுக்கு அழுக்கைப் பிடிக்கிறதோ அதே இடுக்குதான் ஆசிட்டையும் பிடித்து, மேலே கொண்டுபோய், விளிம்புக்கு அடியிலுள்ள துளைகளில் பூசுகிறது. சிலிகானில் திரவம் நிற்பதில்லை. தோய்த்து எடுத்தால் எல்லாம் கோப்பைக்குள்ளேயே வடிந்துவிடும். போதாக்குறைக்கு அதன் முட்கள் வளைந்து விடுபடும்போது சுண்டித் தெறிக்கும். குனிந்து பார்ப்பவர் வாயை மூடியிருப்பது நலம். இதுவும் மெய். ஆக, இரண்டு கட்சியும் ஒரே குணத்தைத்தான் ஒன்று குற்றமென்றும் மற்றொன்று சிறப்பென்றும் சொல்கின்றன. நம் உரையாசிரியர்களிடையே இது புதிதல்ல.

“தாமரை இலைத் தண்ணீர்போல” என்ற விளம்பர வாதத்தையும் சோதித்தாக வேண்டும். தாமரை இலை ஏன் நனைவதில்லை, அழுக்கு ஏன் உருண்டோடுகிறது என்பதை ஜெர்மனியின் பான் நகரில் வில்ஹெல்ம் பார்த்லாட் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, 1997இல் விரிவாக எழுதினார். இலையின் நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்து செய்யும் வேலை அது. நீர்த்துளி அதன்மேல் சுமார் 160 பாகைக் கோணத்தில் பந்தாக நிற்கும். வழவழப்பான சிலிகானில் அந்தக் கோணம் 110க்குப் பக்கம்தான். அதாவது சிலிகான் பாதித் துறவி. தண்ணீரோடு ஒட்டாது, எண்ணெய்ப்பசையும் சோப்புப் படலமும் என்றால் மனம் இளகிவிடும். கிருமி அண்டாது என்ற பேச்சும் அப்படியே. ஆஸ்பத்திரியில் சிறுநீர் போகச் செருகும் கதீட்டர் குழாய்களில் சிலிகானால் ஆனவையும் உண்டு; அவற்றிலேயே கிருமிப் படலம் படிவது மருத்துவர்களின் தீராத் தலைவலி. பிரஷ் மட்டும் என்ன விதிவிலக்கு?

அதைவிடப் பெரிய கேள்வி, கையில் இருப்பது சிலிகான்தானா என்பது. விற்பவற்றில் பல, சிலிகான் என்ற பெயரில் வரும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக். ஒரு முள்ளின் நுனியை நறுக்கி, இடுக்கியில் பிடித்து, மொட்டைமாடியில் கொளுத்திப் பார்க்கலாம். உருகிச் சொட்டிக் கரும்புகை விட்டால் போலி. வெள்ளைச் சாம்பலாகி நின்றால் அசல். அசல் என்று நிரூபித்தபின் பிரஷில் ஒரு முள் குறையும். அறிவு வளர்ச்சிக்கு இழப்பு உண்டு.

உரிப்பொருள்

குறிஞ்சியின் புணர்தல், எதனோடும் சேராத சிலிகானுக்குப் பொருந்தாது, கடந்து செல்வோம். நெய்தலின் இரங்கல் போர்த் தண்ணீர் வீடுகளில் பேசப்பட்டுவிட்டது.

பாலை முக்கியமானது. சிலிகான் பிரஷின் உறை சுவரில் ஸ்டிக்கரால் ஒட்டப்படுகிறது. ஒட்டாமையைப் பெருமையாகச் சொல்லும் ஒரு பொருளின் வாழ்வே ஓர் ஒட்டுத்தாளை நம்பி இருப்பது விந்தை. டைல்ஸில் சொரசொரப்போ ஈரமோ எண்ணெய்ப்பசையோ இருந்தால் ஸ்டிக்கர் நள்ளிரவில் சுவரைப் பிரியும். உறை விழும் சத்தத்தில் திருடன் என்று வீடே எழுந்து உட்காரும். பிரிதலும் பிரிதல் நிமித்தமும். திருகாணி போட இடமுள்ள உறையாகப் பார்த்து வாங்குவது இல்லறத்துக்கு நல்லது. உறையின் அடியில் காற்றோட்டத்துக்குத் துளை இருக்கிறதா என்றும் விரலை விட்டுப் பார்க்க வேண்டும். துளை இல்லாத உறைக்குள் சிலிகானும் நைலான் நாற்றமே நாறும். கழுவி முடித்தபின் சீட்டுக்கும் கோப்பை விளிம்புக்கும் நடுவே பிரஷைப் படுக்கவைத்துச் சொட்டவிட்டுப் பிறகு உறைக்குள் போடுவோர் மிகச் சிலர். அவர்கள் எந்த பிரஷ் வாங்கினாலும் நன்றாயிருப்பார்கள்.

மருதத்தின் உரிப்பொருள் ஊடல். கழிப்பறையின் உண்மையான திணை இதுதான் என்பது என் முடிபு. “இந்த வாரம் யார்?” என்ற கேள்வியில் தொடங்கும் ஊடல் பல வீடுகளில் அலைபேசியில் புது பிரஷ் தேடுவதில் போய் முடிகிறது. தேய்ப்பதைத் தள்ளிப்போட மனிதகுலம் கண்ட வழிகளில் பிரஷை ஆராய்வது மிகக் கௌரவமானது. இக்கட்டுரை அதன் விளைவே. பிரஷை வாங்குபவர் ஒருவர், பிடிப்பவர் வேறொருவர் என்பதே பெரும்பாலான வீடுகளின் நடைமுறை. 1901 கல்கத்தா காங்கிரசில் கழிப்பறை நாறிக் கிடந்தபோது, அது எங்கள் வேலையல்ல என்றார்கள் தொண்டர்கள். காந்தி ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே கழுவினார். துடைப்பம் எதனால் ஆனது என்று அவர் விசாரித்ததாகச் சுயசரிதையில் குறிப்பில்லை.

புறம்

அகத்துக்கு இருப்பதுபோல் இந்தப் பொருளுக்குப் புறமும் உண்டு. 2014 ஜனவரியில் ஹாம்பர்க் நகரின் சில பகுதிகளை ஆபத்துப் பகுதி என்று போலீஸ் அறிவித்து, போவோர் வருவோரைச் சோதனையிட்டது. ஒருவரிடமிருந்து கழிப்பறை பிரஷைப் பறிமுதல் செய்யும் காட்சி தொலைக்காட்சியில் வர, ஊரே பிரஷை உயர்த்திக்கொண்டு தெருவுக்கு வந்தது. 2021 ஜனவரியில் ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் நவால்னியின் குழு வெளியிட்ட படம், கருங்கடலோர அரண்மனை ஒன்று புதினுடையது என்றும் அதைச் சேர்ந்த வளாகத்தில் ஒரு கழிப்பறை பிரஷின் விலை 700 யூரோ என்றும் சொன்னது. அரண்மனை தம்முடையதல்ல என்றார் புதின். மக்கள் பொன்வண்ணம் பூசிய பிரஷ்களோடு ஊர்வலம் போனார்கள். இரண்டு இடத்திலும் பிரஷின் தலை நைலானா சிலிகானா என்று யாரும் கேட்கவில்லை.

வாய்மொழித் தேர்வு

ஆய்வேட்டின் புறத்தேர்வாளராக, அந்தக் கழிப்பறையை இத்தனை காலமும் கழுவிவந்த என் அம்மா இருந்தார். கால்சைட், கதீட்டர், பார்த்லாட் அனைத்தையும் பொறுமையாகக் கேட்டார். பிரஷை வாங்கித் தலையைக் கட்டைவிரலால் ஒரு தடவை வளைத்துப் பார்த்தார். பிறகு தலைகீழாகப் பிடித்துக் கைப்பிடியைச் சாண் போட்டு அளந்தார்.

“ஏண்டா, பிடி ஒன்றரைச் சாண்கூட இல்லையே. இதை வச்சுத் தேய்க்கணும்னா கோப்பைக்குள்ள மூஞ்சியை விடணும். என் முட்டி இருக்கிற நெலமைக்கு, குனிஞ்சா எந்திரிக்கிறதுக்கு யாரு வந்து தூக்கிவிடுவா?”

தலையைப் பற்றி ஆய்வாளர் இவ்வளவு எழுதியிருக்க, பிடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்பதை அவையோர் குறித்துக்கொண்டனர்.

“வாங்கினது வாங்கிட்ட. குட்டைப் பிடியா இருந்தா உனக்கென்ன, நல்லாத்தான் குனியுற. இனிமே நீயே போடு.”

ஆய்வேடு திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது. மேலாய்வு ஞாயிறுதோறும் காலையில், காபிக்கு முன் நடைபெறும்.