கூடுதல் கலர்

நாகர்கோவிலில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்ற ஒரு காலத்தில் குச்சியில் சுற்றிய பஞ்சு, கலர்க் கட்டி, கொஞ்சம் எச்சில் போதும். ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்த என் சித்தப்பா படத்தின் முதுகில் பென்சிலால் குறித்துவைப்பார்: ‘சேலை அரக்கு, கரை மஞ்சள், கம்மல் சிவப்புக்கல்.’ பெண் உடுத்தியிருந்தது அடுத்த வீட்டுக்காரியின் வெளிர்நீலச் சேலையாகக்கூட இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போவது என்னவோ அரக்குதான். கன்னத்தில் மட்டும் ரோஸ் தொட்ட கையோடு ஒற்றி எடுத்துவிடுவார். “கூடிப்போச்சுன்னா வேசம் கெட்டுனவ மாதிரி ஆயிரும் மக்கா.”

பிறகு கலர் ஃபிலிம் வந்தது. சேலை உண்மையைச் சொல்ல ஆரம்பித்ததில் கல்யாணத் தரகர்களுக்குத்தான் நஷ்டம். கலர் லேபில் மஞ்சள், மெஜந்தா, சையான், டென்சிட்டி என்று திருத்தங்கள் உண்டு. படம் நீலம் தட்டினால் சரிக்கட்டிவிடலாம். நிறத்தின் செறிவை மட்டும் தனியாகக் கூட்டுவதற்கு அங்கே வழி கிடையாது. அது வேண்டுமென்றால் ஃபிலிமையே மாற்ற வேண்டும். 1990-இல் ஃபியூஜி கொண்டுவந்த வெல்வியா, வயலைவிடப் பச்சையாக வயலைக் காட்டிப் பெயர் வாங்கியது. ஆனால் அது ஸ்லைடு ஃபிலிம்; நம்மூர்க் கல்யாண ஆல்பத்துக்கு ஆகாது.

இப்போது என் அக்கா மகன் கல்யாணப் படம் எடுக்கிறான். மாத்தூர் தொட்டிப்பாலத்தில் ஜோடியை நிறுத்தி எடுத்த படம் லேப்டாப்பில் திறந்திருந்தது. “பார்ட்டிக்குக் கலர் பஞ்சா இருக்கணும் மாமா” என்று சாச்சுரேஷனை வலதுபக்கம் இழுத்தான். வயல் கிளிப்பச்சை ஆயிற்று, வானம் சொட்டுநீலம் ஆயிற்று. 1966-இல் கட்டிய சிமெண்ட் தூண்களுக்கு மஞ்சள்காமாலை வந்தது.

தூணுக்கு ஏன் வர வேண்டும்? படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண் இருக்கிறது. மூன்றும் ஒன்றானால் சாம்பல். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியை விரிப்பதுதான் சாச்சுரேஷன். இடைவெளியே இல்லாத சுத்தச் சாம்பல் அசையாது. ஆனால் பாசியும் ஈரமும் மாலை வெயிலும் பட்ட சிமெண்ட் எங்கே சுத்தச் சாம்பலாக இருக்கிறது? நம் கண் கண்டுகொள்ளாமல் விட்ட துளி மஞ்சளைச் சாச்சுரேஷன் விடாமல் பெருக்கிவிட்டது.

பக்கத்திலேயே வைப்ரன்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. சாச்சுரேஷன் பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே கரண்டி போடுகிற ஆள் என்றால், வைப்ரன்ஸ் காலி இலையாகப் பார்த்துப் பரிமாறுகிற ஆள். வெளிறிய நிறங்களைத் தூக்கும், ஏற்கெனவே அடர்ந்ததை அதிகம் சீண்டாது, தோல் நிறத்தில் அடக்கி வாசிக்கும். சித்தப்பாவின் பஞ்சுக்கு இருந்த புத்தியில் பாதியை 2007-இல் வந்த முதல் லைட்ரூம் மென்பொருளிலேயே வைத்துவிட்டார்கள். அவன் அதைத் தொடுவதில்லை. போதிய பஞ்ச் இல்லையாம்.

அடுத்த படத்தில் பெண் கழுத்தில் தோவாளை மாணிக்கமாலை. 2025-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளை அரளி, செவ்வரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்துப் பாய் முடைவதுபோல் தட்டையாகக் கட்டுவார்கள். மடிப்பின் ஓரத்தில் விழுகிற நிழல்தான் அதற்குக் கல் பதித்த தோற்றத்தைத் தருகிறது. அவன் இழுத்த இழுப்பில் வெளிச்சத்தில் இருந்த சிவப்பு 255-இல் போய் முட்டி நின்றது. நிழலில் இருந்த சிவப்பும் பின்னாலேயே வந்து அதே 255-இல் முட்டியது. இரண்டுக்கும் இனி வித்தியாசம் இல்லை. மடிப்பு போயிற்று, செவ்வரளி இருந்த இடமெல்லாம் சிவப்புப் பட்டை.

மாலை கட்டிக்கொடுத்த அண்ணாச்சியிடம் செல்போனில் படத்தைக் காட்டினான். அவர் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக் மாலை எங்க வாங்குனிய?” என்று கேட்டார்.

பெண் வீட்டாருக்கு அந்தப் படந்தான் ரொம்பப் பிடித்திருக்கிறது. பெரிதாக்கி வரவேற்பறையில் மாட்டப் போகிறார்களாம், வானத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டு.