கழற்றி மாட்டிய கதை

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் காலைப் பிரட்டு, அதாவது வேலை பிரிக்கும் கூட்டம், கலைந்தால் என்ன ஆகும் என்று எந்தக் கங்காணியையும் கேட்டுப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் பால்வெட்டப் போவது, வெட்டிய பாலை எப்போது சேர்ப்பது, எப்போது நிறுப்பது, பிறகு யாருக்குப் பேர் போடுவது என்று எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை உண்டு. அது குலைந்தால் பால் உறைந்துவிடும், பேரும் விழாது. பெரிய வங்கிகளின் மெயின்பிரேம் கணினியிலும் இரவுதோறும் இப்படியொரு பிரட்டு நடக்கிறது. சம்பளம் வரவு வைப்பது, தவணை பிடிப்பது, மீதி பார்ப்பது என்று ஒவ்வொரு வேலையையும் அதனதன் நேரத்தில் ஏவுகிற மென்பொருள்தான் அங்கே கங்காணி.

2012 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை. பிரித்தானியாவின் ரோயல் பேங்க் ஒஃப் ஸ்கொட்லண்ட் இந்த மென்பொருளைப் புதுப்பித்தது. மறுநாளே கோளாறு தெரிந்தது. 19ஆம் திகதி இரவு, கோட்டும் டையும் அணிந்த அறிவாளிகள் முடிவெடுத்தார்கள்: புதியதைக் கழற்று, பழையதை மாட்டு. கழற்றினால் என்ன நடக்கும் என்று முதலில் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. புதியதும் பழையதும் ஒத்துப்போகவில்லை என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. தொடங்கிய கோளாறைவிட அதைத் தீர்க்கப் போன வைத்தியமே பெரிய நோயாகிவிட்டது.

பிரித்தானியாவில் 65 இலட்சம் வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொண்டார்கள். வீட்டுக்கடன் தவணை போகவில்லை, கணக்கில் எவ்வளவு இருக்கிறதென்று தெரியவில்லை, வெளிநாடு போனவர்கள் கையில் காசில்லாமல் நின்றார்கள், சில கம்பனிகளால் சம்பளமே போட முடியவில்லை. அதே குழுமத்தின் அல்ஸ்டர் வங்கியால் அயர்லாந்தில் ஏறக்குறைய 6 இலட்சம் பேர் 28 நாட்கள் அல்லாடினார்கள்.

உடனே அங்கே சிலர் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இந்தியாக்காரன்! ஐதராபாத்தில் அந்த மென்பொருள் தெரிந்த ஆட்களை வங்கி தேடிய விளம்பரத்தைத் தூக்கிக் காட்டினார்கள். நம் தேயிலையும் ரப்பரும் வெளுத்த கைகளால் விளைந்தவை அல்ல; அவற்றைக் கையில் ஏந்திக்கொண்டே நம் கைகளைச் சந்தேகிக்க அந்த நாட்டுக்கு நெடுநாள் பழக்கம். கடைசியில் வங்கியே சொல்லவேண்டி வந்தது: தவறு நடந்த இடம் எடின்பரோ, அங்கிருந்த தன்னுடைய ஆட்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். ஐதராபாத்தில் இருந்தவனிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று கேட்காதீர்கள், அதெல்லாம் அநாகரிகம்.

2014 நவம்பரில் தண்டனை வந்தது. பிரித்தானியாவின் இரண்டு நிதிக் கண்காணிப்பு ஆணையங்கள் சேர்ந்து 5 கோடியே 60 இலட்சம் பவுண் அபராதம் போட்டன. ஆனால் 2008 நிதி நெருக்கடியில் மக்கள் வரிப்பணத்தால் காப்பாற்றப்பட்டதால் அந்த வங்கியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அப்போது அரசுக்கே சொந்தமாக இருந்தது. மக்கள் பணத்தில் பிழைத்த வங்கி, மக்களைப் படுத்தியதற்காக, மக்கள் பணத்திலேயே அபராதம் கட்டியது. ஒரு மடியில் அவிழ்த்து மறு மடியில் முடிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். கோளாறு நடந்தபோது தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீபன் ஹெஸ்டர் 2012ஆம் வருடப் போனஸை விட்டுக்கொடுத்திருந்தார். என்ன தியாகம்! சம்பளம் வழக்கம்போல வந்திருக்கும்.

சிரிக்க வேண்டாம். கழற்றி மாட்டுவதில் நம்மவர்கள் எடின்பரோவுக்கே பாடம் எடுப்பார்கள். 2024 மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,700 ரூபாயாகப் புதுப்பித்தார். வர்த்தமானியும் வந்தது, கைதட்டலும் வந்தது. தோட்டக் கம்பனிகள் வழக்குப் போட்டன. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தல் நடந்த அதே மாதத்தில், 1,350 என்று இன்னொரு வர்த்தமானி வந்தது. கம்பனிகள் ஏற்குமா, நீதிமன்றத்தில் நிற்குமா என்று மேடை ஏறுமுன் பார்த்தவர் யார்? லண்டனில் அபராதமாவது போட்டார்கள். இங்கே நாளொன்றுக்கு 350 ரூபாய் உதிர்ந்துபோனதற்கு எந்தத் துரையும் எந்த அமைச்சரும் ஒரு சதம்கூடக் கட்டவில்லை.

தீபாவளி அட்வான்சைச் சம்பளத்தில் தவணை தவணையாகப் பிடிக்கிற வேலை மட்டும் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.