பிரதரின் பழைய பட்டங்கள்

குருமாணவர் ஏறவேண்டிய படிகளில் வாயிற்காவலர், பேயோட்டுநர் உள்ளிட்ட சிலவற்றைத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1972இல் நீக்கினார். ஆணை இன்னும் பங்குகளுக்கு வந்து சேரவில்லை போலும். விடியற்காலையில் கோவிலைத் திறப்பவர், நாம் பிரதர் என்றழைக்கும் குருமாணவர்தான். ஊளையிடும் மைக்கிலிருந்து பேயை விரட்டுவதும் அவரே. மெய்யியலும் இறையியலுமாகக் குறைந்தது ஆறாண்டு படிக்கச் சொல்கிறது திருச்சபைச் சட்டம். பங்குக்கு வேண்டியதோ ஸ்பீக்கர் வயரின் எந்த முனை எதில் சேரும் என்ற ஞானம். தாழ்ச்சி கற்கத்தானே என்பார்கள். நியாயம்தான்; ஆனால் அத்தனை அருமையான பாடம் குருப்பட்டத்துக்கு மறுநாளே அடுத்த பிரதருக்குக் கைமாறுவானேன்? இந்த வேலைகளுக்கு வேறு ஆள் இல்லை என்பதும் எடுபடாது. வாசகர், பீடப்பணியாளர் பணிகளை 2021இல் பெண்களுக்கும் திறந்துவிட்டார் திருத்தந்தை பிரான்சிஸ். நாம் அவர்களைக் கூப்பிடுவதோ பெரும்பாலும் பீடத்துக்குப் பூ வைக்க.