ஜெனீவாத் துரைமாருக்கு ஒரு மனு

பன்வில,
மாசி மாதம்.

காணொளியைச் சுருக்கவும் விரிக்கவும் சட்டம் வகுக்கும் கனம் துரைமாரே,

ஜெனீவாவுக்கு மனுப்போடுவது இந்த நாட்டுத் தமிழருக்குப் பழகிப்போன காரியம். மார்ச் பிறந்தால் எங்கள் ஆட்கள் கோப்புக் கட்டுகளோடு உங்கள் ஊருக்கு விமானம் ஏறுவார்கள். பயப்படாதீர்கள், இது அந்த மனு இல்லை. எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் மன்மதனைக் காணவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தவத்திலிருந்த சிவன்மேல் மன்மதன் அம்பு விட்டான், நெற்றிக்கண் திறந்தது, சாம்பலானான். ரதி அழுது புரண்டதில் உயிர் திரும்பியது, உடம்பு திரும்பவில்லை. அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். மாசியில் மலையகத் தோட்டங்களில் இதைத்தான் ஆடுகிறோம். இந்த முறை கொழும்பில் வேலை பார்க்கும் தம்பி, புதுப் போனில் கூத்து முழுவதையும் பிடித்து, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ரதி வேசம் கட்டிய சித்தப்பா, மீசை எடுத்த முகத்தோடு கணினிக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்தார். தப்புச் சத்தம் கேட்டது. பாட்டுக் கேட்டது. திரை மட்டும் கறுப்பு.

"கூத்தன்னைக்கு கரண்டு போகலையேப்பா?" என்றார் அம்மாயி.

சிவன் இன்னும் களத்துக்கே வரவில்லை, அதற்குள் மன்மதன் எரிந்துவிட்டான். புராணத்தில் ரதிக்காவது தெரிந்தான். இங்கே ரதி கண்ணாடி போட்டுப் பார்த்தும் தெரியவில்லை.

கோப்பின் வாலில் எம்.பி.4 என்றுதானே இருக்கிறது என்று நானும் ஏமாந்தேன். எம்.பி.4 வெறும் சாக்கு. உள்ளே இருப்பது பி.ஓ.பி. தேயிலையா டஸ்ட் தேயிலையா என்று சாக்குக்குத் தெரியாது. சாக்கைப் பிரித்துப் பார்த்தால் ஒலி பழைய ரகம், எங்கள் கணினிக்குப் பழக்கமானது. படம் எச்.265. உங்கள் ஊரிலிருக்கும் ஒரு நிறுவனம் அதற்கு இட்ட பெயர் அது. இன்னொரு நிறுவனத்தின் ஏட்டில் அதே பிள்ளை 'எம்பெக்-எச், பகுதி 2'. வெளியில் கூப்பிடுவது எச்.ஈ.வி.சி. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்பத்தாட்சியில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று சத்தியக்கடதாசிக்கு அலைந்த பரம்பரை நாங்கள். உங்களிடமும் கணக்கப்பிள்ளைதான் பெயர் பதிகிறார் போலிருக்கிறது.

வித்தையைக் குறை சொல்லவில்லை. பின்னால் நிற்கும் மலை அசையாது. அதை ஒவ்வொரு படச்சட்டத்திலும் திரும்ப வரையாமல், ஆடுகிறவரின் கால் எங்கே நகர்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறீர்கள். 2003இல் வந்த எச்.264 பிடிக்கும் இடத்தில் ஏறக்குறையப் பாதியில், 2013இல் வந்த இது அதே தரத்தைக் காட்டுகிறது. நாலரைக் கிலோ கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்து ஒரு கிலோ தூளாக்கும் ஊர்க்காரனுக்கு இந்த வேலையின் அருமை தெரியும். ஆனால் துரை, தூளைத் தேநீராக்க வெந்நீர் ஊற்றுவதற்கும் அனுமதிச்சீட்டு வேண்டும் என்று எந்தத் தோட்டத்திலும் கேட்டதில்லை. இந்த எச்.265க்குக் காப்புரிமைக்காரர் மூன்று கூட்டணியாகப் பிரிந்து மூன்று வாசலில் நின்று வசூல் கேட்டார்கள். எதிலும் சேராமல் தனியே கை நீட்டியவர்களும் உண்டு. அந்தச் செலவு சுற்றிச் சுற்றி எங்கள் திரையில் வந்து விழுந்தது: 'இதைப் பார்க்கப் புதிய கோடெக் தேவை. விலை 0.99 டொலர்.' சுருக்கியதை விரித்துக் காட்டும் மென்பொருளுக்குத்தான் கோடெக் என்று பெயராம். முன்னூறு ரூபா பெரிதில்லை. கடனட்டைக்குத்தான் எங்கே போவது? லயத்துக் கடையில் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். உங்களிடம் கொப்பி இருக்கிறதா?

வத்தேகம வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறி ஒரு கடையில் காட்டினேன். பார்க்காமலே, "விண்டோஸ் புதுசா அடிக்கணும்" என்றார். வயிற்றுவலிக்கும் தலைவலிக்கும் ஒரே வெள்ளைக் குளிசை கொடுத்த பழைய தோட்டத்து டிஸ்பென்சரி ஞாபகம் வந்தது. இலவச கோடெக் மூட்டை ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினேன். மன்மதன் வரவில்லை, சூதாட்ட விளம்பரங்கள் வந்தன.

கடைசியில் பக்கத்து லயத்துப் பொடியன் வி.எல்.சி. என்ற காணொளி மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். 1996இல் பாரிஸ் அருகே கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. தெருவில் வைக்கும் ஆரஞ்சுக் கூம்புதான் அதன் அடையாளம். சாக்குக்குள் எந்த ரகம் இருந்தாலும் தானே பிரித்துக்கொள்ளும், காசு கேட்காது. படம் வந்தது. ஆனால் எங்கள் கணினி 2011ஆம் ஆண்டுச் சரக்கு. எச்.265ஐ விரிக்கும் சுற்று அதன் சில்லில் கிடையாது, எல்லாக் கணக்கையும் மூளையே போட வேண்டும். மன்மதன் ஒரு கால் தூக்கினால் மறு கால் வைக்க மூன்று செக்கன். பொடியன் அதை எச்.264க்கு மாற்றப் போட்டான். விடிய விடிய மழை, விடிய விடிய விசிறிச் சத்தம். காலையில் கூத்து ஓடியது.

என் கோரிக்கை சின்னது. படம் பிடிக்கிறவனிடம், 'இதைப் பழைய கணினி காட்டாது' என்று போன் ஒரு வார்த்தை சொல்லும்படி செய்யுங்கள். பழைய ரகத்தில் பிடிக்கும் வசதி பல போன்களில் இருக்கத்தான் செய்கிறது. கெமரா அமைப்புக்குள் நாலு கதவு தாண்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள். 2020இல் எச்.266உம் பெற்றுவிட்டீர்களாம். அதன் பெயர்சூட்டு விழாவைத் தயவுசெய்து போட்டோவாக எடுங்கள்.

இப்படிக்கு,
ரதியின் அண்ணன் மகன்.

பி.கு: சித்தப்பா முழுவதையும் பார்த்தார். சேலை மடிப்புச் சரியில்லையாம், அடுத்த மாசிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்கிறார். உங்கள் பதிலை வெறும் எழுத்தில் அனுப்புங்கள். காணொளி வேண்டாம்.